ஒரு கிராமும் குகதா-சானும்

1997 ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே மதனோடு சண்டை. நல்ல சண்டை. தும்மிக்கொண்டே போட்டதில் பாதி வசை வீணாய்ப் போயிற்று. மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் ஆபீஸ் பிடித்த முதலாளி நஞ்சுண்டசாமி சாரைச் சொல்ல வேண்டும். மண்டி மொஹல்லாப் பேட்டையில் வாடகை குறைவு என்று பார்த்தாரே தவிர, கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் எட்டுப் பேரும் கண்ணீர் விடுவோம் என்று பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். புரோகிராமில் எதை மாற்றினாலும், பழையதை அழிக்காமல் புதியதை அதன்மேல் அடுக்கி வைக்கும் ஏற்பாடு எங்கள் கம்ப்யூட்டரில் உண்டு. உள்ளே வைக்கும்போதெல்லாம் 'என்ன மாற்றினாய், எழுது' என்று நின்று கேட்கும். எழுதி முடித்துத் தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் வாங்கிக்கொள்ளும். மதன் என்ன செய்கிறான்? எடுத்த எடுப்பிலேயே புள்ளி! அவன் மாற்றியதற்கெல்லாம் நேரே 'காலிக் குறிப்பு' என்று மெஷினே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதற்கே வெட்கம் தாங்கவில்லை போல.

"ஏனுங்க லீலாக்கா, புரோகிராம் ஓடுதுங்களா இல்லீங்களா? ஓடுற குதிரைக்கு எதுக்குங்க கதை?" என்கிறான். கொள்ளேகாலத்துப் பையன், மரியாதைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"நின்னா தெரியும்டா எந்தக் கால் நொண்டின்னு!"

நான் எழுதுவேன். நீளமாக எழுதுவேன். ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழில். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்குச் 'சிறு திருத்தம்' என்பதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. தமிழில் ஆரம்பித்தால் மனதில் இருப்பதெல்லாம் வருகிறது, திட்டு உட்பட. யார் படிக்கப் போகிறார்கள்? மற்றவர்கள் கன்னடக்காரர்கள். மதனுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அவன் எதையும் படிப்பதில்லை.

ஜூன் 5, வியாழன்

மதன் இன்று குறிப்பு எழுதினான். 'ஓகே.' பிறகு புள்ளி. முன்னேற்றம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

ஜெர்மனியிலிருந்து ஃபேக்ஸ். அவர்களுடைய எடை மெஷின்களுக்குத்தான் நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். சோதித்துப் பார்க்க ஒரு மெஷின் எங்கள் ஆபீஸ் ஜன்னல் ஓரம் இருக்கிறது. அங்கே தொழிற்சாலையில் வைத்த எல்லா மெஷினும் ஒரு கிராம் குறைத்துக் காட்டுகிறதாம். ஸ்பிரிங்கை மாற்றியும் பார்த்தாயிற்றாம். ஆகவே எங்கள் புரோகிராம் முழுவதையும், ஆரம்பத்திலிருந்து செய்த மாற்றங்கள், அவற்றுக்கு எழுதிய குறிப்புகள் எல்லாவற்றோடும் டேப்பில் ஏற்றி அனுப்ப வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து படிப்பார்கள். அவர்கள் திருப்தியானால்தான் அடுத்த கட்ட வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

வேறு வாடிக்கையாளர் யார் இருக்கிறார்கள் எங்களுக்கு? அந்த வேலை போனால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். சார் ஃபேக்ஸைப் படித்துவிட்டு டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுக்கொண்டார்.

குறிப்புகளோடு. குறிப்புகளோடு!

ஐயோ, நான் என்னென்ன எழுதித் தொலைச்சிருக்கேன்! 'இதை எழுதினவன் எருமையைக்கூட ஒழுங்காக் கட்ட மாட்டான், முடிச்சைப் பூரா அவுத்துவிட்டேன்.' 'ஜெர்மன்காரன் கேட்டான், போட்டேன். எதுக்குக் கேட்டான்னு அவனுக்கே தெரியாது. அடுத்த வாரம் எடுக்கச் சொல்லுவான், பாருங்க.' அடுத்த வாரத்துக் குறிப்பு: 'சொன்னேனா இல்லையா?'

வேலையை விட்டு அனுப்பினால்கூட சரி என்று வாங்கிக்கொள்ளலாம். என் வாயால் எட்டுப் பேர் பிழைப்பும் போனால்?

ஜூன் 11, புதன்

ஒரு வழி இருக்கிறது. பழைய மாற்றத்துக்குப் புதுக் குறிப்பை ஒட்டலாம். பழைய குறிப்பு போய்விடும். அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. ஆபீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, எருமையை எடுத்துவிட்டுச் 'சிறு திருத்தம்', வசையை எடுத்துவிட்டுச் 'சிறு திருத்தம்'. தலைக்கு ஊற்றி, எண்ணெய் வழியச் சீவி, பவுடர் அப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது. கால்வாசிகூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "தெருக்கோடிப் பதிமூணாம் நம்பர் வீட்டுக்கே உன் வாயைப் பத்தித் தெரியும். இப்ப ஜெர்மனிக்கும் தெரியப் போகுதா? அடி போடி, அவனுக்குத் தமிழ் எங்க தெரியப் போகுது!"

தெரியாதுதான். ஆனால் யாரிடமாவது கொடுத்துப் படித்துவிட்டால்?

ஜூன் 12, வியாழன்

அப்பாடா!

படிக்கப் போகிற மூன்று பேரின் பெயரும் வந்துவிட்டது. சார் ஃபேக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "லீலா அவரே, மூரு ஜன. இப்பரு ஜெர்மன். ஒப்ப ஜப்பானி. குகதா-சான்!" என்றார். ஜப்பானில் மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பார்களாம். ஜப்பான்காரர்கள் 'பஹள ஸ்ட்ரிக்ட்', ரொம்பக் கண்டிப்பு என்று ஒரு பிரசங்கம் வேறு. தேவைப்பட்டால் நேரிலும் வருவார்களாம். அதற்காகக் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று குனிந்து வணக்கம் சொல்லிப் பழகினார். மூன்றாவது முறை குனிந்தபோது கீழே மூட்டை பிரித்தார்கள். குனிந்த வாக்கிலேயே தும்மினார்.

ஜெர்மன், ஜெர்மன், ஜப்பான். ஒருத்தருக்கும் என் எருமை புரியாது. அதோடு, எதையும் திருத்தாமல் உள்ளது உள்ளபடி அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம். நல்லதாகப் போயிற்று, திருத்துவதை நிறுத்திவிட்டேன். திருத்தியது திருத்தியபடி, மற்றது மற்றபடி டேப்பில் ஏற்றிக் கூரியரில் போட்டாயிற்று. இவருக்கு இன்று மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு அல்ல, சரியாகச் சொன்னதற்கு.

ஜூன் 20, வெள்ளி

மழை. ஜெர்மனியிலிருந்து ஒன்றும் இல்லை. சார் இன்னும் குனிந்துகொண்டிருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

மாட்டிக்கொண்டேன். இதை எழுதாமல் தூக்கம் வராது.

சாயங்காலம் போன் லைன் போட்டு மெயில் இறக்கினோம். என் பெயருக்கு ஒன்று. ஆங்கில எழுத்து. ஆங்கிலம் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன்—

'வணக்கம் லீலா. என்ர பேர் குகதாசன். ஊர் பருத்தித்துறை. இஞ்ச வந்து பதின்மூண்டு வருசம். உங்கட குறிப்புகள் முழுக்க வாசிச்சன். சில கேள்விகள் கிடக்கு.'

குகதாசன்! குகதா-சானாம், ஜப்பானாம்! யாழ்ப்பாணத்துத் தமிழரைக் கொண்டுபோய் ஜப்பானில் விட்ட இந்த மனுஷனை நான் என்ன செய்ய? எருமையைப் படிச்சாச்சு. 'அவனுக்கே தெரியாது'ங்கிறதைப் படிச்சாச்சு. முழுக்க வாசிச்சனாம்! முழுக்க!

ஆனால் கேள்வி அதைப் பற்றி அல்ல. பிப்ரவரியில் நான் செய்த ஒரு மாற்றத்தைக் கேட்கிறார். அதற்கு நான் எழுதிய குறிப்பை அப்படியே எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்:

'சாயங்காலம் ஆனா தினமும் ஒரு கிராம் கூடக் காட்டுது. மிளகாய்த் தூசி தட்டுல படியுதோ என்னவோ. நாளைக்கு ஜெர்மன்காரங்க பாக்க வர்றாங்க, ஒரு கிராம் கழிச்சிடுன்னு சார் சொல்றார். கழிச்சிட்டேன். பாவம்தான்.'

அடிப்பாவி! எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அன்றைக்கு மட்டும் கழித்துவிட்டு மறுநாள் எடுப்பதாக இருந்தது. எடுக்கவில்லை. அந்த ஒரு கிராம் அப்படியே கப்பலேறிப் போய் ஜெர்மனியில் எல்லா மெஷினிலும் உட்கார்ந்திருக்கிறது.

கடைசி வரி: 'பாவம்தான் எண்டு எழுதியிருக்கிறியள். விளக்கமா எழுதுவியளோ?'

ஜூன் 27, வெள்ளி

சாரிடம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "சான் அல்வா?" கன்னடத்தில் 'சான் இல்லையா' என்று அர்த்தம். அல்வாதான் சார், நீங்கள் எனக்குக் கொடுத்தது.

குறிப்பைக் கன்னடத்தில் சொன்னேன். 'சார் சொல்றார்' என்ற இடம் வந்ததும் முகம் மாறிவிட்டது. பாவம், அவருக்கும் மறந்துதான் போயிருந்தது. ஏதாவது தரக்கட்டுப்பாட்டு விதி என்று சொல்லிச் சமாளித்துவிடலாமே என்றார். உண்மை தெரிந்தால் வேலையைத் தருவார்களா, இத்தனை பேருக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்துவிட்டது. "அவர் படிச்சாச்சு சார்! தமிழ்ல படிச்சாச்சு! படிச்ச மனுஷன்கிட்ட இல்லைன்னு எப்படிச் சாதிக்கிறது? ஒரு கிராம் கழிச்சது போதாதுன்னு இப்ப உண்மையையும் கழிக்கணுமா?" எல்லாம் தமிழில். மதன் எழுந்து நின்றுவிட்டான். சாருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் நான் கத்திய கத்தலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அவர் ஜன்னல் ஓரம் போனார். அங்கேதான் அந்தச் சோதனை மெஷின் இருக்கிறது. தட்டில் விரலை வைத்து இழுத்தார். விரல் சிவப்பாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஹோக்லி. நிஜ பரீரி," என்றார். போகட்டும், உண்மையையே எழுதுங்கள்.

எழுதினேன். தமிழிலேயே. மண்டி, மிளகாய், தும்மல், சார் சொன்னது, நான் செய்தது, மறந்தது, எல்லாம். அனுப்பியும் ஆயிற்று. மதன் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

ஜூலை 1, செவ்வாய்

பதில் வந்தது.

அந்த ஒரு வரியை எடுத்தாராம். எல்லா மெஷினும் சரியாகக் காட்டுகிறதாம். 'ரெண்டு மாசமா மெசினைக் கழட்டிப் பூட்டினம். உங்கட குறிப்பு இல்லாட்டி இன்னும் கழட்டிக்கொண்டுதான் இருப்பம்.' கூட்டத்தில் என் குறிப்பை வரிக்கு வரி ஜெர்மன் மொழியில் சொன்னாராம். கேட்டு முடித்ததும், படித்த மூவரில் ஒருவரான ஜெர்மன் அம்மாள், எவ்வளவு மிளகாய் இருந்தால் ஒரு கிராம் தூசி சேரும் என்று கேட்டாளாம். வாரத்துக்கு எத்தனை லாரி வரும் என்று கணக்குக் கேட்டு எழுதியிருக்கிறார்.

வேலையைப் பற்றி? அதை மேலிடம் பதினான்காம் தேதி முடிவு செய்யுமாம். கழித்தது பெரிய தப்பு என்று ஒருவர் சொல்கிறாராம். சொல்லத்தானே செய்வார். தப்புதானே.

இன்னொன்றும் கேட்டிருக்கிறார். 'முதல் கொஞ்சப் பைலுகளில குறிப்பு எழுதினது வேற ஆளோ? எல்லாத்திலயும் சிறு திருத்தம், சிறு திருத்தம் எண்டு கிடக்கு. ஒண்டும் விளங்கேல்ல.'

நான் பவுடர் போட்டு அனுப்பியவை! வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றையும் யோசித்து யோசித்து மறுபடி பழையபடி ஒட்டப் போகிறேன். எருமை உட்பட.

ஜூலை 8, செவ்வாய்

பாதி ஒட்டியாயிற்று. மதன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, "அக்கா, அந்த எருமை கட்டத் தெரியாதவன் நானுங்களா?" என்றான். நான் அடுத்த ஃபைலைத் திறந்தேன்.

ஜூலை 14, திங்கள்

கிடைத்துவிட்டது!

சார் ஃபேக்ஸை உரக்கப் படித்தார். அடுத்த கட்ட வேலையும் எங்களுக்கே. நிபந்தனை இரண்டு. சோதனை மெஷினை மிளகாய் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். குறிப்பு இல்லாத எந்த மாற்றத்தையும் அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, படிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். குகதாசனும் இனி எங்களோடு சேர்ந்து எழுதுவார்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே அப்போது யாரும் மூட்டை பிரிக்கவில்லை.

நானும்தான் அழுதேன். இவரிடம் சொன்னபோது, "உன் வாய்க்கு வெளிநாட்டுல கூலி கொடுக்கிறாங்களா? நான் இத்தனை வருஷமா இனாமாக் கேட்டுட்டிருக்கேனே," என்றார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குகதாசன் திருத்திய ஃபைல்கள் இன்று முதன்முதலாக வந்தன. எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பதின்மூன்று வருஷமாக அவர் ஜெர்மன் மொழியில்தான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாராம். இந்த முறை தமிழில். முதல் குறிப்பே நான் எழுதிய பகுதிக்கு:

'இதென்ன விசர் வேலை? இந்தக் கணக்கு ஒவ்வொருக்காலும் முதலில இருந்து ஓடத் தேவையே இல்லை. லீலா இதை நித்திரையில எழுதினவவோ? திருத்திப்போட்டன்.'

விசராம்! பைத்தியமாம்! எனக்கா? ரத்தம் கொதித்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். யாருடைய புரோகிராமை யார் விசர் என்பது? உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அப்பட்டமாகச் சரி. பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது. நித்திரையில்தான் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. மதன் ஓடி வந்து, "என்னாச்சுங்க அக்கா?" என்று பயந்து கேட்கிறான். இத்தனை வருஷம் புரோகிராம் எழுதுகிறேன், 'ஓடுதா, ஓடலையா' என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே போய் வரிவரியாகப் படித்து, என்னைப் பெயர் சொல்லித் திட்ட ஒருத்தரும் இருந்ததில்லை.

நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய் அவர் எழுதிய ஃபைல்களை எடுத்து உட்காரப் போகிறேன். ஒரு தப்புகூடவா இருக்காது?