பட்டன் போன் வந்த பிறகு

செண்பகனூர்
14.11.1988

அன்பு மகன் பரமானந்தத்துக்கு, ஆண்டவர் கிருபையில் நீயும் மருமகளும் பம்பாயில் சுகமாக இருக்க மன்றாடி அப்பா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் அம்மாவின் போன் ஏன் வருவதில்லை, கோபமா என்று கேட்டிருந்தாய். கோபம் இல்லையப்பா. போன மாதம் இடி விழுந்து நம் கறுப்புப் போன் கருகிப்போய், லைன்மேன் ஞானவேல் பட்டன் போன் கொண்டுவந்து மாட்டினார். பழைய மாதிரியே வேண்டும் என்று கெஞ்சினேன், "சுத்துற போனு இப்ப ஸ்டோர்லயே கெடையாதுங்க, இது அமுக்குனாப் போதும், சொகம்ங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. உன் நம்பரைக் கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பழைய போனின் ஓட்டையில் விரலை விட்டால் கை தானாகச் சுற்றிவிடும். இப்போது பட்டன் மேல் விரலை வைத்துச் சுற்றப் பார்க்கிறாள், போன் மொத்தமும் மேசையில் சுழல்கிறது, அழுகிறாள். விரலைப் பிடித்து அமுக்கப் பழக்கினேன், மறுநாள் அது நினைவில் இல்லை. போன ஞாபகம் திரும்பாது என்று மதுரை டாக்டரும் சொல்லிவிட்டார்.

கல்லறைத் திருநாள் அன்று நானே நம்பரை அமுக்கி ரிசீவரை அவள் காதில் வைத்தேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கட்டாகவில்லை. "யாரோ ஒரு பய அம்மா அம்மான்னு தேடுறான், பாவம்" என்று அவள்தான் கீழே வைத்தாள். தன் கையால் சுற்றினால்தான் அந்தப் பக்கம் நீ இருப்பாய் போலிருக்கிறது அவளுக்கு. நேற்றுச் சாயங்காலம் என்னையும் தோட்ட வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்து, "சோலி முடிஞ்சுச்சுன்னா வெரசாக் கெளம்புங்க, பனி எறங்கிரும்" என்றாள். சரிங்கம்மா என்று சொல்லி, வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். பக்கத்து வீட்டுச் சூசையம்மாள் ரசம் வைத்துக் கொடுக்கிறாள், சாப்பாட்டுக்குக் குறை இல்லை.

மாசமாக இருக்கிற மருமகளை அடிக்கடி மாடிப்படி ஏற விடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. பிள்ளை பிறக்கப்போவதை அம்மாவிடம் சொன்னேன், யாருக்கு என்று கேட்டாள். மறுபடி சொல்லவில்லை.

தேவமாதா உங்கள் இருவரையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாளாக. கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்தால் வா. வந்ததும் வாசலிலேயே உன் பெயரைச் சொல்லிவிடு, அவள் சொல்லட்டும் என்று காத்து நிற்காதே.

உன் அப்பா
மரியசூசை