இரண்டு மலையும் சித்தியின் ஐந்தாவது கேள்வியும்

ஜூன் 1, திங்கள்
பென்டில் ஹில்லில் நாள் முழுக்கக் குளிர்கால மழை. ஸ்டேஷனில் இருந்து நனைந்து வந்தேன். சொக்ஸ் ஹீற்றர் மேல், வீடெல்லாம் அதன் வாசம்.

அப்பா தந்த பணி: பனி. (சிரித்தது நான் மட்டும்.) லோங் வீக்கெண்டுக்கு மலைக்குப் போகிறோம். இரண்டில் எது என்று தினமும் காலை இணையத்தில் மலைக் கமரா பார்த்துக் குடும்பக் குறூப்பில் அறிக்கை போட வேண்டும். ஆறு மணிக்கு எழும்ப வேண்டும். மனிதர் எழும்பும் நேரமா அது.

முழுப்பெயர் எழுதப் பஞ்சி. என் பெயர்கள்:
அப்பம் - பெரிய மலை. மெஷினால் அடித்த பனி. நடுவில் மட்டும் வெள்ளை, ஓரமெல்லாம் பழுப்பு.
புட்டு - உயரமான மலை. வானத்தில் இருந்து விழுந்த பனி, உதிரி உதிரியாக. தேத்தண்ணிக் கடை இல்லை.
இன்றைய வெற்றி: புட்டு.

எல்லாம் சித்திக்காக. அம்மாவின் தங்கை, கிளிநொச்சியில் மூன்றாம் வகுப்பு ரீச்சர். மூன்று மாத விசா முடிகிறது, அடுத்த செவ்வாய் விமானம். இனி எப்போது வருவாவோ. வகுப்புப் பிள்ளைகள் கொப்பியில் கேள்வி எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்:
1. பனி மணக்குமா?
2. தின்னலாமா?
3. கையில் எவ்வளவு நேரம் இருக்கும்?
4. வெள்ளையேதானா?
5. விழும்போது சத்தம் கேட்குமா?
பதில் எடுக்க ஒரே நாள். ஞாயிறு.

ஜூன் 2, செவ்வாய்
குகன் அங்கிள் (அப்பாவின் கூட்டாளி, வான் அவருடையது) விடியவே மூன்று மெசேஜ். பனி விழுந்திட்டுதோ, விழுந்திட்டுதோ, விழுந்திட்டுதோ. அலுத்துப்போய், போன ஆகஸ்டில் பள்ளியால் போனபோது எடுத்த படம் ஒன்றைப் போட்டேன். வேலி மூடப் பனி. கீழே: ‘அப்பம் மலை, இன்று காலை.’

பத்து நிமிடத்தில் பகிடி என்று சொல்வதாகத்தான் திட்டம். ரயிலிலேயே நித்திரை. ஸ்டேஷனில் இருந்து ஓட்டம். பள்ளியில் போனைப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், மூன்று மணிக்குத்தான் திறப்பு.

மூன்று மணிக்கு: அறுபத்திரண்டு மெசேஜ். அப்பம் மலை அடிவாரத்தில் அறை புக் பண்ணியாச்சு.

ஜூன் 3, புதன்
சாப்பாட்டு மேசையில் உண்மையைச் சொன்னேன். அங்கிளும் இருந்தார். போனில் படத்தின் தேதியையும் காட்டினேன். அங்கிள் கண்ணாடி போடவேயில்லை.

"உந்தப் பகிடி என்னட்டை வேண்டாம் பிள்ளை. மெல்பேர்ணில இருந்து என்ர மச்சானும் அதே படத்தை அனுப்பியிருக்கிறான். கோயில் குறூப்பிலயும் வந்திருக்கு. நாலு இடத்தில வாறது பொய்யோ?"

நாலு இடத்துக்கும் முதலில் அனுப்பியவர் அவர்தான். சுற்றிவிட்டு அவரிடமே சாட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது. சொன்னேன். அப்பா சிரித்தார், அம்மா தலையில் குட்டினா. ஏப்ரலில் சித்தியிடம், வொம்பட் என்ற மிருகத்தைக் கண்டால் செருப்பைக் கழற்ற வேண்டும், இங்கத்தைய சட்டம் என்று சொன்ன ஆள் நான். யார் நம்புவார்கள்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தா.

ஜூன் 5, வெள்ளி
ஆறு மணி. இருட்டு. கால் விறைப்பு.
அப்பம்: நேற்று மழை. வெள்ளைப் பட்டி ஒடுங்கிவிட்டது. ஓரம் சேறு.
புட்டு: மரத்தடியில் கணுக்கால் அளவு. நல்ல பனி.
மூன்று நாளாக உண்மை அறிக்கை. பதில்: ஒரு சிரிப்புப் பொம்மை, அங்கிளிடமிருந்து. பொய் எழுத ஒரு நிமிடம்தான் போனது. களைப்பாக இருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு
நேற்று இரவு அடிவார அறையில். இன்று அப்பம் மலை. புல். சேறு. தூறல். நடுவில் ஒரு வெள்ளை நாடா, அதில் ரிக்கெற் எடுத்துச் சறுக்குகிறவர்களுக்கு மட்டும் இடம். சித்தி மூன்று ஸ்வெற்றரும் குரங்குத் தொப்பியும் போட்டுக் கம்பிக்கு வெளியே நின்றா. கொப்பி கையில்.

வானுக்குள் இருந்து இடியப்பமும் சம்பலும். அங்கிள், ராத்திரி கரைந்திருக்கும் என்றார், இரண்டு தரம்.

அப்பா என்னைப் பார்த்தார்.
"உண்மையைச் சொல்லு. மற்ற மலையில இருக்கோ?"
"விடிய இருந்தது அப்பா. இந்த மழைக்கு இப்ப தெரியாது."
தெரியாது என்று நான் சொன்னது அவருக்குப் புதிது. அங்கிளைப் பார்த்தார். ஒரு மணி நேர ஓட்டம், நாலரைக்கு இருட்டும், இவளின்ர கதையை நம்பி இன்னொரு மலையோ என்றார் அங்கிள். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பினோம்.

அதற்கு முன், வான் நிறுத்திய தரிப்பிட மூலையில், மெஷின் தள்ளிவிட்ட குவியல் ஒன்று. சித்தி கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினா. நான் நேரம் பார்த்தேன். கொப்பியில் சித்தி எழுதியவை:
1. டீசல் மணம்.
2. இதைத் தின்னக் கூடாது.
3. நாற்பது செக்கன்.
4. சாம்பல்.
ஐந்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 8, திங்கள்
லீவு. எல்லோருக்கும் தடிமன், தும்மல். சூட்கேஸ் கட்டினோம். சித்தி மெதுவாக அந்தப் படத்தைக் கேட்டா.
"அது போன வருசத்துப் படம் சித்தி."
"தெரியும். வேலியில வெயில் அடிக்குது. இஞ்ச இந்தக் கிழமை எங்க வெயில்?"
"பிறகேன் நீங்கள் சொல்லேல்ல?"
"விருந்துக்கு வந்தவள் வான்காரரோட சண்டை பிடிக்கிறதோ? சொல்லியிருக்கலாம்தான்." கொஞ்ச நேரம் மடித்த ஸ்வெற்றரையே திரும்ப மடித்தா. "ஆகஸ்ட் எண்டு கீழ எழுதி அனுப்பு. பிள்ளையளுக்குப் பொய் சொல்லேலாது."
எழுதி அனுப்பினேன்.

ஜூன் 9, செவ்வாய்
அலாரம் வைக்கவில்லை. ஆறுக்குத் தானாக முழிப்பு. பழகிவிட்டது.
விமான நிலையம். சித்தி கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது திரும்பிப் பார்த்து, குனிந்து செருப்பைக் கழற்றுகிற மாதிரி செய்து காட்டினா. அம்மாவுக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் பின் சீற்றில் இருந்து கமரா பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.
அப்பம்: விழுகிறது.
புட்டு: விழுகிறது, பெரிய பெரிய துகள்.
சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கமராவில் சத்தம் வராது.