உன் இலையில் வைத்த பீடி

என் உயிரோடு ஒட்டிக்கிடக்கும் அண்ணனுக்கு,

உப்புப் பாத்தியில் இந்த வருஷ வேலை முடிந்தது. குவியலுக்குக் கீற்றுப் போட்டு மூடிவிட்டோம். மூன்று நாளாக வானம் கறுத்தே கிடக்கிறது, ஒரு சொட்டு விழவில்லை. நாளைக் காலை பாண்டி ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன். மூட்டை தூக்கித் தூக்கி உனக்கு வந்த அதே குடலிறக்கம்தான்.

ஒரு மாதம் முன்பே பீடியை விடச் சொன்னார் டாக்டர். புகை பிடித்த நெஞ்சு மயக்க மருந்தைத் தாங்காதாம், சளி கட்டிக்கொள்ளுமாம். அதை எனக்கா சொல்ல வேண்டும்? உன் ஆபரேஷனுக்கு முன் டாக்டர் உன்னிடம் கேட்டபோது முந்திக்கொண்டு, "விட்டுட்டாரு சார்" என்றவன் நான்தானே. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே உனக்குப் பீடி வாங்கித் தந்தவனும் நான்தான். தேதி தள்ளிப்போய்விடுமே என்று பயம். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் இருமி இருமியே போய்ச் சேர்ந்தாய். பாவி நான், இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இருபத்தெட்டு நாள் தொடவில்லை அண்ணா, சத்தியமாக. நேற்று உன் நினைவு நாள். அண்ணி படையல் போட்டாள். வடை, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் உன் பீடி. அதைப் பற்றவைத்து இலையில் வைப்பது எப்போதும் என் வேலை. பிறகு நீ வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும்.

இழுக்காமல் பீடி பற்றுமா? ஒரே ஒரு இழுப்பு என்றுதான் வாயில் வைத்தேன். மற்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். உன் படத்துக்கு முன்னால் நின்று கடைசிவரை இழுத்துவிட்டேன். மிஞ்சிய பீடித் துண்டை இலையில் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

திறந்ததும் அண்ணி அந்தத் துண்டைப் பார்த்தாள்.

"அவரே வந்து குடிச்சிட்டுப் போயிருக்காரு" என்று அழுதாள். அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

காலையிலிருந்து எனக்கு இருமல். உன் இருமல் மாதிரியே அடிவயிற்றிலிருந்து வருகிறது. என்னையும் கூப்பிடுகிறாயா?

சற்று முன் ஆஸ்பத்திரியிலிருந்து போன். என் மகள்தான் எடுத்தாள்.

"விட்டுட்டாரு சார், ஒரு மாசமாச்சு."

அதே வார்த்தை, அதே அவசரம்.

டாக்டரிடம் நானே உண்மையைச் சொல்கிறேன், தேதி போனால் போகட்டும். அதற்கு முன் அண்ணியிடம் போய் அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்கிறேன். உன் விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அடித்தால் அடிக்கட்டும். இனி உன் இலையில் பீடி வைக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் இலையிலும் வைக்கக் கூடாது என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவேன்.

உனக்காகப் பொய் சொல்லி உன்னைப் பறிகொடுத்த,
தம்பி