நீலக் கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? லுபும்பாஷியில் நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

என்னோடு பள்ளிக்கு வந்த பொலும்புவை யாருக்கோ கட்டிக்கொடுத்து அனுப்பினார்களே, அப்போது நான் கட்டிய பாட்டைச் சனிக்கிழமை ஓட்டலில் பாடினேன். அவள் பெயர், நம் வீட்டு மாமரம், நீலக் கதவு எல்லாம் அதில் வரும். கிடார் வேகமெடுக்கும்போது எதிரே இருக்கும் பெரிய மனிதர்களின் பெயரைக் கூவுவது நம் பாட்டுக்காரர்கள் வழக்கமல்லவா? முன்வரிசையில் இருந்த கர்னலின் பெயரைக் கூவினேன். பக்கத்தில் குனிந்திருந்த அவர் மனைவி நிமிர்ந்தாள். பொலும்புதான்.

கர்னல் கோபப்படவே இல்லை, அம்மா. மேடைக்கே வந்து தோளில் கை போட்டார்.

“பாட்டு பிரமாதம் தம்பி. அந்த மாமரத்து வீடு கின்ஷாசாவுல எந்தத் தெரு?”

“அதெல்லாம் பாட்டுக்காகச் சும்மா சேர்த்ததுங்கய்யா.”

“சும்மா சேர்த்ததுக்கா இவ இப்படி அழுவுறா?” என்று சிரித்தார்.

நேற்று அவருடைய ஆள் வந்து பாட்டை வரி விடாமல் எழுதிக்கொண்டு போனான். வேறு ஒன்றுமில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டு ருசி இல்லை. அப்புறம், கதவுக்கு வேறு வர்ணம் அடித்துவிடுங்கள். எந்த நிறமானாலும் சரி. நான் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அவசரத்தில்,
உங்கள் மகன் மொசெங்கோ