நைனா தலைவருக்கு எழுதிய கடிதம்

14.7.96, ஞாயிறு
இன்றும் நைனா தலைவரைத் திட்டிக்கொண்டேதான் தோசை சாப்பிட்டார். கட்சியின் நகரச் செயலாளர் என்றால் தலைவரைப் புகழ்வார் என்று பள்ளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் வந்து பார்க்கட்டும். தலைவர் தன் தங்கை மகனை மாவட்டச் செயலாளர் ஆக்கியது தப்பாம். நூல் விலை ஏறி அம்மையார்குப்பத்தில் தறிகள் நின்றபோது சட்டசபையில் வாய் திறக்காதது அதைவிடத் தப்பாம். இரண்டு வீடு தள்ளியிருக்கும் துணைச் செயலாளர் சடகோபன் மாமா இன்னும் மோசம். "அவருக்குத் தறின்னா இன்னான்னே தெரியாது, துளசிங்கம்" என்றார். மாமாவுக்கும் அவர்தானே தலைவர்?

சாயங்காலம் இருவரும் அதே தலைவரின் பிறந்த நாளுக்காகக் கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிக்கப் போனார்கள். பிடிக்கவில்லை என்றால் விலக வேண்டியதுதானே.

21.7.96, ஞாயிறு
நைனாவின் எழுத்து யாருக்கும் புரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து தாலுகா ஆபீசுக்கும் மின்வாரியத்துக்கும் நான்தான் எழுதித் தருகிறேன். இன்று தலைவருக்கே மூன்று பக்கம். நைனா நடந்துகொண்டே சொன்னார், நான் எழுத்துத் தமிழில் மாற்றினேன். "தங்களைச் சுற்றி நிற்பவர்கள் தங்களிடம் உண்மை சொல்வதில்லை. அது எங்கள் குறையும்தான்." இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேல வெய்யி" என்றார்.

23.7.96
கடிதம் மேசை மேலேயே கிடந்தது. நைனாவுக்கு மறதி. பள்ளிக்குப் போகும் வழியில் தபால் தலை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

24.7.96
நைனா தேடினார். போட்டுவிட்டேன் என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடறதுக்கா எழுதனோம்?"

பின்னே எதுக்கு எழுதினோம்? அம்மா பீரோவைத் திறந்து காட்டினாள். பத்து வருடத்தில் தலைவருக்குப் பதினோரு கடிதம், எல்லாவற்றிலும் நைனாவின் கையெழுத்து, ஒன்றில்கூடத் தபால் தலை இல்லை. "மனசு ஆறட்டும்னு எழுதுவாரு. ஆறிப்போனா உள்ள வெச்சிடுவாரு. இது கூடவா தெரியல உனக்கு?"

தெரியல. எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னாங்க எனக்கு?

9.8.96, வெள்ளி
கட்சிப் பத்திரிகையில் இரண்டாம் பக்கம். "கட்சிக் கட்டுப்பாட்டை மீறிய திருத்தணி துளசிங்கம் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தும் நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது."

அம்மா மகளிர் அணி உறுப்பினர். "ஏங்க, தொடர்பு வெச்சிக்கக் கூடாதாமே. இன்னிக்கி நீங்களே சமைச்சிக்கோங்க" என்றாள். நைனா சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அக்டோபரில் வரும் வார்டு தேர்தலுக்கு நைனாதான் வேட்பாளர் என்று ஊரெல்லாம் பேச்சு. இனி எங்கே? எல்லாம் ஒரு தபால் தலையால்.

இருட்டியதும் சடகோபன் மாமா வந்தார். பின்வாசல் வழியாக.

12.8.96
மாவட்டச் செயலாளர் அனுப்பியதாக ஒருவர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எழுத்து உங்க எழுத்து இல்லியே துளசிங்கம். எவனோ ஆவாதவன் எழுதி, உங்க கையெழுத்தையும் போட்டுட்டான்னு ஒரு வரி குடுங்க. வார்டும் உங்களுக்குத்தான்."

"எழுத்து எம் பொண்ணுது. பேச்சு என்னுது. கையெழுத்தும் என்னுது."

"அப்ப, பொண்ணு தெரியாம போட்டுடுச்சின்னு குடுங்க."

"கொழந்த மேல பழிய போட்டுட்டு நான் ஓட்டு கேக்கப் போவணுமா?"

ஆனால் அதுதானே உண்மை! நான்தானே போட்டேன்! உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம் என்றால் சொல்ல வேண்டியதுதானே. அவர் போனதும் நானே எழுதித் தருகிறேன் என்றேன். "போய்ப் படி" என்றார். இந்த மனிதரோடு என்னதான் செய்வது.

18.8.96, ஞாயிறு
பஜாரில் கண்டனக் கூட்டம். ஒலிபெருக்கி எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். சடகோபன் மாமாவின் குரல்: "தலைவரைக் குறை சொன்ன நாக்கு இந்த ஊரு நாக்கே இல்ல!"

கூட்டம் முடிந்ததும் பின்வாசலில் அதே குரல், கொஞ்சம் கம்மலாக. "மேடையில அப்பிடித்தான் பேசணும். தப்பா எடுத்துக்காத, துளசிங்கம்."

"தெரியாதா எனக்கு. மாமாவுக்கு காபி குடும்மா."

சர்க்கரை போடாமல் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

5.9.96
வார்டு சடகோபன் மாமாவுக்கு.

8.9.96, ஞாயிறு
எதிர்க்கட்சிக்காரர்கள் சால்வையோடு வந்தார்கள். முன்வாசல் வழியாக. அதே வார்டைத் தருகிறார்களாம். நைனா அந்தக் கடிதத்தில் எழுதியதை அவர்கள் மேடையில் சொன்னால் போதுமாம். நைனா அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஏன் நைனா, அவர்தான் உங்களைத் துரத்திட்டாரே என்று கேட்டேன்.

"அவரத் திட்டறதுக்கு எனக்கு உரிமை இருக்குது. அங்க போய்த் திட்டனா கூலிக்குத் திட்டற மாதிரி."

துரத்தப்பட்டவருக்கு என்ன உரிமை? கணக்குப் பரீட்சையில் நாற்பத்தெட்டு. எல்லாம் இவர்களால்தான்.

14.10.96
சடகோபன் மாமா ஜெயித்தார். நைனா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்டேன். "அத சொல்லக் கூடாது" என்றார். சொல்லவே வேண்டாம்.

27.10.96, ஞாயிறு
தலைவர் நன்றி சொல்ல ஊருக்கு வந்தார். நைனா கிளம்பினார். எதற்கு என்று சண்டை போட்டுக்கொண்டே நானும் போனேன். மேடைப் பக்கம் இல்லை, கயிற்றுக்கு வெளியே பொதுமக்களோடு. கட்சிக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுலோச்சனா அத்தை, சடகோபன் மாமாவின் மனைவி, மட்டும் கூட்டத்துக்குள் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

தலைவர் இரண்டு மணி நேரம் தாமதம். நைனா கடிதத்தில் கேட்ட எதையும் அவர் தொடவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நைனா தட்டவில்லை.

பாதிப் பேச்சில் மழை பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைகளுக்கு ஓடினார்கள். கவுன்சிலர் சடகோபன் மாமாவும்தான்.

"போலாம் நைனா, நனையிறோம்."

"அவரு பேசிகினுதான இருக்காரு. முடிக்கட்டும். நீ வேணா போய் அந்தக் கட வாசல்ல நில்லு."

நான் போகவில்லை. தலைவர் பேசி முடித்துக் காரில் ஏறும்வரை பஜார் நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றிருந்தோம்.