சர்வீஸுக்கு நானே கொண்டுபோகிறேன்

மச்சான்,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. பெரிய வண்டியைக் கூடுவாஞ்சேரியில் சர்வீஸுக்கு விட நானே எடுத்துப்போகிறேன். இடியாப்பம் ஹாட்பாக்ஸில், தேங்காய்ப்பால் பிரிட்ஜில். ருக்ஸானா மதினி வந்தால் மாடிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

போன தடவை சர்வீஸ்காரர் என்னை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே உங்களுக்குப் போன் போட்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார், எங்கிட்ட கேளுங்க" என்று நீங்கள் சிரித்தது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டியரிங் நடுங்குகிறது என்று நேற்று சொன்னதற்கு, "உன் கைதான் நடுங்குது" என்றீர்கள். பெருங்களத்தூர் மேம்பால இறக்கத்தில் நான் கவனித்துப் பார்த்துவிட்டேன். பிரேக் மிதிக்கும்போது மட்டும்தான் நடுங்குகிறது. என் கையாக இருந்தால் எப்போதும் நடுங்க வேண்டுமே? இதை இன்று அவர்களிடம் நானே சொல்லப்போகிறேன். நம்பவில்லை என்றால் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவேன்.

புக்கிங்கில் என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

ஷம்சாத்

இடியாப்பத்துக்குச் சர்க்கரை குறைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே எனக்குப் பேச வாய் வராமல் போனால் நானே உங்களைக் கூப்பிடுவேன். சர்வீஸ்காரரிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். "சொல்லு ஷம்சாத்" என்று என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.