கார் பந்தயமும் என் ஒரு ஓட்டும்

என் வாயாடிக்கு,

இந்நேரம் நீ குதித்துக்கொண்டிருப்பாய். கார் பந்தயத்துக்கு அரசாங்கம் பணம் தரப்போகிறது. "நிதித்துறையில அம்மா இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவள், இனியாவது என் போனை எடுக்கலாம்.

பணம் தருவதா வேண்டாமா என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். "என் பொண்ணு அதுல கார் ஓட்டுறா" என்று சொல்லிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்து வந்த தலைவர், "ஒரே ஓட்டுல தப்பிச்சோம் மேடம்! நீங்க உள்ள இருந்திருந்தா இன்னும் தெம்பா இருந்திருக்கும்" என்றார். சிரித்து மழுப்பினேன்.

இரு பக்கமும் சமமாக வந்தால் பணம் கிடையாது என்பது விதி. நான் உள்ளே இருந்திருந்தால் என் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்காதே.

அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாம் என்று சிலர் வாதாடினார்களாம். நியாயம்தான். அவ்வளவு பெரிய யோசனையெல்லாம் எனக்கு வரவில்லை. போன வருஷம் மூன்றாவது வளைவில் உன் கார் உருண்டதிலிருந்து, டிவியில் இன்ஜின் சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன்.

விஐபி வரிசைக்கு டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வளைவில், ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நானே ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா கையாட்டுவாள் என்று திரும்பிப் பார்க்காதே. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.

இப்படிக்கு,
வெளியே உட்கார்ந்திருந்த அம்மா